வேறொருத்தியின் சாவு

ஜூலியா மோரியார்ட்டி சனிக்கிழமை விடிவதற்கு முன் நிம்மதியாகக் கண்ணை மூடிவிட்டாள். அந்த நிம்மதியை அலைந்து திரிந்து கொண்டுவந்து கொடுத்தவள் மகள் டெர்வ்லா. அதற்கு வந்த வினையைத்தான் இந்த வாரம் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊர் மொத்தமும் மோரியார்ட்டி வீட்டில் கூடியிருந்தது. கடிகாரத்தை நிறுத்தி, கண்ணாடியைத் துணியால் மூடி, ஜூலியாவை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் டெர்வ்லாவின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை ஆறுதல் சொன்னார்கள். மண்டியிட்டு ஜெபித்தார்கள். பிறகு சமையலறைக்குப் போய் டீயும் சாண்ட்விச்சுமாக உட்கார்ந்து, எந்தக் கேக் யார் வீட்டிலிருந்து வந்தது என்று நோட்டம் விட்டார்கள்.

டெர்வ்லா ஊரில் முடி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். கட்டிலைச் சுற்றிக் குனிந்த பெண்களின் தலைகளில் பாதி அவள் கைபட்டவை. அம்மாவின் தலையையும் நேற்று அவள்தான் வாரிச் சுருட்டிவிட்டாள். அப்போதுகூட அவளுக்கு அழுகை வரவில்லை. அம்மா கேட்டதைச் செய்துவிட்டோம் என்ற பெருமை துக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தது.

ஜூலியா கேட்டது ஒன்றே ஒன்று. "என்னைய எங்கம்மாகூடப் போடுங்க. உங்க பாட்டி எல்லன்கூட மட்டும் போட்டுடாதீங்க."

எல்லன் ஜூலியாவின் மாமியார். இருவரும் ஒரே அடுப்படியில் முப்பது வருஷம் முட்டிக்கொண்டவர்கள். மோரியார்ட்டி குடும்பக் கல்லறையில் டெர்வ்லாவின் அப்பா இருக்கிறார். அவருக்கு மேலே எல்லன் இருக்கிறாள். அடுத்து யாரை இறக்கினாலும் எல்லனின் மேல்தான் இறக்க வேண்டும்.

ஆனால் ஜூலியாவுக்குத் தன் தாய் எங்கே கிடக்கிறாள் என்று தெரியாது. தொள்ளாயிரத்துப் பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் தாய் ஹனோரா சல்லிவன் செத்தபோது ஜூலியாவுக்கு மூன்று வயது. தகப்பன் ஜெரமையா அதைப் பற்றி வாயே திறக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனால் டெர்வ்லா குளிர்காலம் முழுவதும் பதிவு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். தங்கள் பகுதிப் பழைய மரணப் பதிவுகளைப் புரட்டச் சொன்னாள். கடைசியில் கிடைத்தது. ஹனோரா சல்லிவன், ஊர் கூமரா, மணமானவர், விவசாயியின் மனைவி, வயது நாற்பது, இன்ஃப்ளூயன்சா, மருத்துவர் பார்க்கவில்லை. தகவல் சொன்னவர் கணவர் ஜெரமையா சல்லிவன், மரணத்தின்போது உடனிருந்தவர். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

வயதுதான் இடித்தது. ஜூலியாவின் தாய் முப்பதைத் தாண்டாதவள் என்றுதான் பேச்சு. டெர்வ்லா அதைத் தூக்கி ஓரமாக வைத்தாள். எங்கள் பக்கத்தில் யாரானாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அந்தக் காலத்து ஆட்களுக்குத் தங்கள் வயதே சரியாகத் தெரியாது. முதியோர் பென்ஷன் வந்த புதிதில் அதை வாங்குவதற்காக ஊரே பத்து வருஷத்தில் பதினைந்து வயது கூடிவிட்டது. பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு மேஜைக்கு முன் நிற்கிறவன் வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டு வந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

எங்கே புதைத்தார்கள் என்பதை எங்கள் மரணப் பதிவுகள் சொல்லுவதே இல்லை. ஆனால் கில்டீலா இடுகாட்டில், "சல்லிவன், கூமரா, 1918" என்று மட்டும் செதுக்கிய ஒரு கல் இருந்தது. வேறென்ன வேண்டும்?

அந்தத் தாளை அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது, 'உடனிருந்தவர்' என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள் ஜூலியா. "வீட்டுலதான் போயிருக்கா. எங்கப்பா பக்கத்துலயே இருந்திருக்காரு" என்று அவளே சொல்லிக்கொண்டாள். அந்த முகத்தை டெர்வ்லாவால் மறக்க முடியாது. அதற்குப் பிறகு ஜூலியா வலி என்றுகூட அதிகம் சொல்லவில்லை.

அடக்கம் திங்கட்கிழமை. எங்கள் பக்கத்தில் திங்களன்று புதிதாகக் குழி தொடங்க மாட்டார்கள். ஆகாது. ஞாயிறு பொழுது சாய்வதற்குள் ஒரு கட்டி மண்ணையாவது புரட்டிப் போட்டுவிட வேண்டும். மீதியைத் திங்களன்று வெட்டிக்கொள்ளலாம். சொந்தக்காரர்கள் மண்வெட்டியைத் தொடக்கூடாது, அது அக்கம்பக்கத்தாரின் வேலை. ஆகவே பக்கத்துப் பண்ணை மோஸி தலைமையில் மூன்று பேர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கில்டீலாவுக்குக் கிளம்பிப் போனார்கள்.

போன வேகத்தில் மோஸி மட்டும் திரும்பி வந்தான். கொல்லைக் கதவருகே தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். டெர்வ்லா டீக்கோப்பைகளை வைத்துவிட்டு வந்தாள்.

"என்ன மோஸி, மண்ணு இறுகிக் கெடக்குதா?"

"மண்ணுல ஒண்ணுமில்ல. மண்ணு மேலதான். நான்ஸ் சல்லிவன் அந்தக் கல்லு மேல உக்காந்திருக்கு. பிளாஸ்க்ல டீ வேற கொண்டாந்திருக்கு. எழுந்திருக்க மாட்டேங்குது."

டெர்வ்லாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நான்ஸ் எழுபதை நெருங்கும் ஒண்டிக்கட்டை, ஊரில் யாருடனும் வம்புக்குப் போகாதவள். ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாள், நாமே போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தாள். பதிவுத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு, கறுப்பு உடுப்பின் மேல் தம்பி ஃபின்பாரின் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு காரை எடுத்தாள்.

கில்டீலாவில் கடல்காற்று ஆளைத் தள்ளியது. மோஸி சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை. நான்ஸ் கால்களைச் சேர்த்துவைத்து, மடியில் கைப்பையோடு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி கல்லறை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். மற்ற இரண்டு ஆண்களும் தூரத்தில் சுவரோரமாகப் போய், கடலை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்றுகொண்டார்கள்.

"உக்காரு பொண்ணே" என்றாள் நான்ஸ். "உங்கம்மாவுக்காக ராத்திரி ஜெபமாலை சொன்னேன். நல்ல மனுஷி. ஆனா நான் இங்கேருந்து எழுந்திருக்க மாட்டேன்."

டெர்வ்லா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். அம்மாவின் ஆசையைச் சொன்னாள், பதிவு அலுவலகத்தைச் சொன்னாள், தாளை எடுத்து நீட்டினாள். நான்ஸ் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, காற்றில் படபடக்கும் தாளை இரண்டு கையாலும் பிடித்துப் படித்தாள். படித்து முடித்தும் தாளைத் திருப்பித் தரவில்லை.

"இது எங்க பாட்டி" என்றாள்.

டெர்வ்லாவுக்கு அது மண்டையில் ஏறவில்லை. கூமராவில் அப்போது சல்லிவன் அல்லாத வீட்டைத்தான் தேட வேண்டும் என்று நான்ஸ் நினைவுபடுத்தினாள். அதில் ஜெரமையா, ஹனோரா என்ற அதே பெயர்களில் இரண்டு ஜோடி இருந்தது ஊரில் யாருக்கும் குழப்பமில்லை. ஒரு குடும்பம் செம்பட்டைச் சல்லிவன், மற்றது வெள்ளைச் சல்லிவன்.

"நீங்க செம்பட்டை, நாங்க வெள்ளை. குழந்தைக்கும் தெரியும். ஆபீசுல போயி பட்டப்பேரையா எழுதுவாங்க?" என்றாள் நான்ஸ். "இந்தத் தேதியில வருஷா வருஷம் எங்க வீட்டுல பூசை வைக்கறோம். பாட்டிக்கு நாப்பது வயசு. சரியாத்தான் போட்டிருக்கான்."

டெர்வ்லா நான்ஸின் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். ஓரமாக வைத்த அந்த நாற்பது இப்போது நட்ட நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"அப்ப எங்க பாட்டி எங்க?"

நான்ஸ் கைப்பையைத் திறந்து மூடினாள். அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை. ஊரில் எழுபது, எண்பது வருஷமாக யாரும் சொல்லாமல் காப்பாற்றிய விஷயம் அது. இன்னொரு குடும்பத்தின் மானத்தை, அதுவும் சாவு விழுந்த வீட்டுக்காரியிடம், எப்படி எடுத்து வைப்பது?

"வண்டி வந்து ஏத்திட்டுப் போச்சாம். எங்கப்பா சின்னப் பையனா நின்னு பாத்திருக்காரு" என்றாள் கடைசியில். "பட்டணத்து ஏழைகள் விடுதிக்கு. அங்கதான ஆஸ்பத்திரி வார்டு இருந்துச்சு. உங்க தாத்தாவும் காச்சல்ல நெனவில்லாமக் கெடந்தாராம். யாரும் கூடப் போகல."

சாவு எந்த இடத்தில் நடக்கிறதோ அந்தப் பகுதிப் புத்தகத்தில்தான் ஏறும். பட்டணம் வேறு பகுதி, வேறு அலுவலகம். எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டபோது, எங்கள் பகுதியில்தான், வேறெங்கே போவார்கள் என்று டெர்வ்லா வீறாப்பாகச் சொன்னாள். தேடச் சொன்ன இடத்தில் தேடினார்கள். இருந்த ஹனோராவை எடுத்துக் கொடுத்தார்கள்.

விடுதியில் செத்தவர்களைக் கட்டடத்துக்குப் பின்னாலிருந்த வயலில் போட்டார்கள், பேரும் கிடையாது கல்லும் கிடையாது என்று நான்ஸ் சொன்னாள். அந்த வயல் எது என்று டெர்வ்லா கேட்க வேண்டியிருக்கவில்லை. இப்போது அங்கே கான்கிரீட் போட்டு மாட்டுச் சந்தை நடக்கிறது. ஃபின்பார் கன்றுகளை விற்கிற இடம்.

டெர்வ்லா நான்ஸின் பக்கத்தில் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தாள். வெட்கத்தை விட்டுக் கேட்டாள். "அம்மாவ இங்கயே போட்டுக்கலாமா? அவ இதுதான்னு நம்பிட்டே போயிட்டா. உங்க பாட்டியோட இருந்துட்டுப் போகட்டும். நீங்க பெரிய மனசு பண்ணணும்."

நான்ஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம்.

"இதுல ஒரு ஆளுக்குத்தான் இடம் பாக்கி" என்றாள் அவள். "அது எனக்கு. புருஷன் இல்ல, புள்ள இல்ல. நாளைக்கு யாரு வந்து பாப்பான்னு தெரியாது. கடைசியில எங்க போவேன்னு மட்டும் தெரியும். அதயும் குடுத்துடுன்னா எப்படி, பொண்ணே?"

டெர்வ்லா கல்லின் மேலிருந்த பிளாஸ்கை எடுத்துக்கொண்டாள். நான்ஸை எழுப்பிக் காரில் ஏற்றிக்கொண்டாள். அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். தாளை நான்ஸிடமே விட்டுவிட்டாள். அது அவளுடைய பாட்டிதானே.

வீட்டுக்கு வந்தபோது முன்னறையிலிருந்து ஜெப முணுமுணுப்பு வந்துகொண்டிருந்தது. டெர்வ்லா உள்ளே போகவில்லை. நேராகத் தொழுவத்துக்குப் போனாள். வீட்டில் சாவு விழுந்தாலும் பால் கறந்துதானே ஆக வேண்டும், ஃபின்பார் அங்கே இருந்தான். கல்யாணம் காட்சி இல்லாமல் அம்மாவோடும் மாடுகளோடும் இருந்துவிட்டவன் அவன். நல்ல சட்டைக்கு மேல் பழைய மேலங்கியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தான்.

அவள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவன் நிமிரவில்லை. அதிர்ச்சியடைந்த மாதிரியும் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் வந்தது.

"உனக்குத் தெரியுமாடா?"

"பேப்பர் தப்புன்னு தெரியாது."

"பின்ன என்ன தெரியும்?"

பால் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சொன்னான். "நீ டப்ளின்ல வேலை கத்துக்கப் போனப்ப, எனக்குப் பதினஞ்சு வயசு. எல்லன் கெழவி அம்மாவத் திட்டறப்ப ஒண்ணு சொல்லும். 'உங்கம்மா ஏழை விடுதியில நாய் மாதிரி போனவதான, தண்ணி குடுக்கக்கூட நாதியில்லாம'ன்னு. அம்மா எதுத்து ஒரு வார்த்த பேசாது. வெளிய வந்து கோழிக்குத் தீனி போடும். அப்பத்தான் போட்டிருக்கும், திரும்பவும் போடும்."

முன்னறையில் கேட்டுவிடக்கூடாதென்று டெர்வ்லா தொழுவக் கதவைச் சாத்தினாள்.

"நீ அந்தப் பேப்பரப் படிச்ச பாரு, பக்கத்துல புருஷன் இருந்தாருன்னு. அம்மா மூஞ்சியப் பாத்தேன்" என்றான் ஃபின்பார். "கெழவி சொன்னது பொய்யின்னு ஆயிடுச்சேன்னு நானும் நெனச்சேன். நெசமாத்தான் நெனச்சேன், டெர்வ்லா."

அம்மா ஏன் அந்த ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கேட்டாள் என்று இப்போது விளங்கியது. வெறும் கல்லறை கேட்கவில்லை ஜூலியா. வாழ்நாளெல்லாம் வாங்கிய ஏச்சுக்குப் பதில் கேட்டிருக்கிறாள். மகள் பதில் கொண்டுவந்து கொடுத்தாள், அது அடுத்த வீட்டுக்காரர்களுடையது. எல்லன் சொன்னதுதான் நிஜம். நாளைக்கு ஜூலியாவைக் கொண்டுபோய் அதே எல்லனோடு படுக்கவைக்க வேண்டும்.

வேறு வழி இல்லை என்றான் ஃபின்பார். மாட்டுச் சந்தையில் குழி வெட்ட முடியாது, அடுத்தவர் கல்லறையைத் திறக்க முடியாது, புது இடம் கில்டீலாவில் கிடைக்காது. மோரியார்ட்டி கல்லறை ஒன்றுதான் மிச்சம்.

"கெழவிக்கு மேலதான வரும் அம்மா" என்றான். "முப்பது வருஷம் அடங்கியே கெடந்துச்சு. இனிமேலாவது அவ தலமேல ஏறி உக்காரட்டும்."

டெர்வ்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பாக ஆரம்பித்தது பாதியில் அழுகையாக மாறி, நேற்றிலிருந்து வராததெல்லாம் சேர்ந்து வந்தது. ஃபின்பாருக்குக் கட்டிப்பிடித்துத் தேற்றத் தெரியாது. பால் கையை மேலங்கியில் துடைத்துவிட்டு அவள் தோளில் தட்டினான், பயந்த கன்றைத் தட்டுகிற மாதிரி. மாடுகள் இருவரையும் திரும்பிப் பார்த்துவிட்டுத் தீனிக்குத் திரும்பின.

வெளியே மோஸியும் மற்ற இருவரும் மண்வெட்டிகளோடு மதிலோரம் காத்திருந்தார்கள். பிப்ரவரி மாதத்துப் பகல், ஏற்கெனவே மங்கத் தொடங்கிவிட்டது. ஏழு மணிக்கு உடலைக் கோவிலுக்கு எடுத்துப்போக வண்டி வரும். அதற்குள் எங்காவது மண் புரண்டாக வேண்டும். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. மூன்று பேரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஊருக்குள் விஷயம் பரவிவிட்டது என்று அதிலிருந்தே தெரிந்தது.

"மோரியார்ட்டி கல்லறையில போட்டுடலாமா?" என்று மோஸி மெதுவாகக் கேட்டான். ஃபின்பார் தலையாட்டத் தொடங்கினான்.

"எங்கயும் போட வேணாம்" என்றாள் டெர்வ்லா.

மோஸி அவளையும் ஃபின்பாரையும் மாறி மாறிப் பார்த்தான். இன்றைக்கு மண் புரட்டாவிட்டால் நாளைக்குக் குழி கிடையாது. நாளைக்குக் குழி இல்லாவிட்டால் அடக்கம் செவ்வாய்க்கிழமைதான், உடல் கோவிலுக்குப் போவதும் திங்கள் மாலைதான். பாதிரியார் குதிப்பார், சவப்பெட்டிக்காரர் முணுமுணுப்பார், வெளியூரிலிருந்து வந்தவர்கள் வேலைக்குத் திரும்ப வேண்டும். ஆனால் எங்கள் ஊரில் இதற்கு மேல் ஒரு ஆளும் ஏன் என்று கேட்க மாட்டான். திங்களன்று குழி தொடங்கச் சொல்லி எந்தப் பாதிரியாரும் ஊரைப் பணியவைத்ததில்லை. மூன்று பேரும் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு நடந்தார்கள்.

ஃபின்பார் அவர்கள் போகும்வரை பொறுத்திருந்தான்.

"ஒரு நாள் தள்ளிப் போட்டா எல்லன் எடத்தக் காலி பண்ணிட்டுப் போயிடுவாளா?"

"காலையில பட்டணத்து ஆபீசுக்குப் போறேன். பாட்டி அங்கதான் பதிவாயிருப்பா."

"கெடச்சா மட்டும்? குழி எங்கன்னு அதுல எழுதியிருக்காதே. எழுதியிருந்தாலும் அங்க என்ன பண்ணப்போற?"

"ஒண்ணும் பண்ண முடியாது. எல்லன்கூடத்தான் போடணும். தெரியும்."

"அப்பறம் எதுக்கு இதெல்லாம்?"

டெர்வ்லா முன்னறைச் சன்னலைப் பார்த்தாள். உள்ளே மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டார்கள்.

"அம்மாவுக்கு நான் வேற ஒருத்தியோட சாவப் படிச்சுக் காட்டி அனுப்பியிருக்கேன்டா. பெட்டிய மூடறதுக்குள்ள அவ அம்மாவோட சாவப் படிச்சுக் காட்டணும்."

"அதுல நல்லதா ஒண்ணும் இருக்காது, டெர்வ்லா. கூட யாரும் இல்லன்னுதான் இருக்கும்."

"இருக்கட்டும்."

"அம்மாவுக்குக் கேக்காது."

"அதுவும் தெரியும்" என்றாள் டெர்வ்லா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமைதான் அடக்கம் என்று வந்திருப்பவர்களிடம் சொல்ல உள்ளே போனாள்.